பயணக் கேள்வி–பதில்: ஸ்பெயினின் தென்கரையில் பத்து நாள்

சென்ற இதழில் மத்ரித் நகரைப் பற்றி எழுதியபோது, தெற்கே உள்ள கடலோரத்தை வேறொரு முறை பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குப் பழைய வடார்க்காடு முழுவதிலுமிருந்து கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே கேள்வியைக் கேட்டிருந்தவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் மகன் மத்ரித்தில் வேலை செய்கிறான். வரும் மே மாதம் நானும் என் மனைவியும் அங்கே செல்கிறோம். கடலோரத்துக்கென்று பத்து நாள் ஒதுக்கியிருக்கிறோம். அல்மெரியாவில் தொடங்கிக் காடிஸ் வரை ரயிலிலேயே கரையோரமாகப் போய்விடலாம் என்கிறான் மகன். அது முடியுமா? எனக்கு வயது 67; மனைவிக்கு முழங்கால் வலி உண்டு.
(காட்பாடியிலிருந்து ஒரு வாசகர்)

தங்கள் மகன் வரைபடத்தைப் பார்த்திருப்பார். ரயில் அட்டவணையைப் பார்த்திருக்க மாட்டார். அந்தக் கரை நெடுக ரயில் பாதை கிடையாது. மலைத்தொடர் கடலுக்கு மிக அருகில் இறங்கி வருவதால், பாதைகள் உள்நாட்டிலிருந்து விரல்களைப் போல நீண்டு வந்து, ஆங்காங்கே கடலைத் தொட்டதும் நின்றுவிடுகின்றன. அல்மெரியாவுக்குக் கிரானடா வழியாக ஒரு பாதை வருகிறது. மாலகாவுக்கு மத்ரித்திலிருந்து அதிவேக ரயில் பாதை 2007 டிசம்பரில் வந்து சேர்ந்தது. அல்ஹெசிராஸ் துறைமுகத்துக்கு ரோண்டா மலை வழியாக ஒரு பழைய பாதை இறங்குகிறது. காடிஸுக்குச் செவில் வழியாகப் போக வேண்டும். கரையை ஒட்டி ஓடுவதென்று சொல்லத்தக்கது மாலகாவின் புறநகர் ரயில் ஒன்றுதான். அது விமான நிலையம், தொர்ரெமோலினோஸ், பெனால்மாதேனா வழியாக ஃபுவென்ஹிரோலா வரை, ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓடி, அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு அப்பாலுள்ள மார்பெய்யாவுக்குப் பேருந்துதான்.

ஆகவே, எட்டு ஊர்களை எழுதிவைத்துக்கொண்டு ஓடும் திட்டத்தை விட்டுவிட்டு, மூன்று ஊர்களில் மட்டும் தங்குங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. மாலகாவிலிருந்து கிழக்கே அல்மெரியா சுமார் 200 கிலோமீட்டர். மேற்கே அல்ஹெசிராஸ் சுமார் 140 கிலோமீட்டர், அதாவது நம் வேலூருக்கும் சென்னைக்கும் இடையே உள்ள தூரம். அங்கிருந்து காடிஸ் இன்னும் 120 கிலோமீட்டர். எண்ணிக்கையில் இவை பெரிய தூரங்கள் அல்ல என்றாலும், ஒவ்வொரு நாளும் பெட்டியைக் கட்டி, பேருந்து நிலையம் தேடி, விடுதி அறை கிடைக்கும் பிற்பகல் வரை பூங்காவில் காத்திருப்பதில்தான் பயணத்தின் பாதி கரைந்துபோகும்.

மத்ரித்தின் அத்தோச்சா நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் மாலகாவில் இறங்கலாம். அங்கே ஐந்து இரவுகள் தங்குங்கள். மாலகாவின் பழைய நகரம் சமதளமானது. வண்டிகள் நுழையாத, பளிங்கு போல வழவழப்பான கல் பாவிய தெருக்கள் என்பதால், மழை பெய்த அன்று மட்டும் தங்கள் மனைவி கவனமாக நடக்க வேண்டும். பதினோராம் நூற்றாண்டு அல்கசாபா கோட்டை மேட்டில் இருக்கிறது. ஆனால் கீழேயுள்ள தெருவிலிருந்து அதற்கு மின்தூக்கி உண்டு. அதற்கும் மேலே குன்றின் உச்சியில் உள்ள ஹிப்ரல்ஃபாரோ கோட்டைக்கு நகரப் பேருந்து போகிறது. நடந்து ஏற வேண்டாம். பிக்காசோ 1881-ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று பிறந்த வீடு மெர்சேத் சதுக்கத்தில் இருக்கிறது. பேராலயத்தின் இரண்டு கோபுரங்களில் ஒன்று பணமில்லாமல் பாதியில் நின்றுவிட்டதால், ஊர்க்காரர்கள் அந்தக் கோயிலையே ‘ஒற்றைக் கைக்காரி’ என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

மாலகாவிலிருந்து கிழக்கே 50 கிலோமீட்டரில் நெர்ஹா. அங்கே இரண்டு இரவுகள் போதும். கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முகப்பில் அமைந்த ‘ஐரோப்பாவின் மாடம்’ சமதளத்தில் இருப்பதால் மனைவிக்குச் சிரமம் இராது. ஊருக்கு வெளியே உள்ள குகையை 1959-இல் வௌவால் பிடிக்கப் போன ஐந்து இளைஞர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் உள்ளே படிகள் நிறைய உண்டு. அங்கே தாங்கள் மட்டும் போய்வாருங்கள். மீதி மூன்று இரவுகளைக் காடிஸில் கழித்துவிட்டு, அங்கிருந்தே மத்ரித்துக்கு நேரடி ரயில் ஏறலாம். வந்த வழியே திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. அல்மெரியாவை இந்த முறை விட்டுவிடுங்கள். அதற்கு உரிய வாசகர் ஒருவர் கீழே வருகிறார்.

விசாவுக்கு என்னென்ன வேண்டும்? உறவினர் வீட்டில் தங்குவதாகச் சொன்னால் எளிதாகக் கிடைக்கும் என்கிறார்களே?
(ராணிப்பேட்டை வாசகர், வேறு மூவரும் இதையே கேட்டிருக்கிறார்கள்)

எளிதாகாது; சில சமயம் கடினமாகும். ஸ்பெயினில் ஒரு தனியார் வீட்டில் தங்குவதாக எழுதினால், அந்த வீட்டுக்காரர் அங்குள்ள காவல் துறையிடம் முறையாக அழைப்புக் கடிதம் பெற்று நமக்கு அனுப்ப வேண்டும். மகன் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் அதற்கு ஈடாகாது. அந்தக் கடிதம் பெறவே நாளாகும் என்பதால், பயணத் தேதியை முடிவு செய்தவுடன் மகனுக்கு முதலில் சொல்ல வேண்டிய வேலை இதுதான்.

மற்றபடி இது ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே விசா. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. புறப்படுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். கோடை விடுமுறைக்கு முன் சென்னை விசா விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஊர் திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பல நாடுகளுக்குப் போவதானால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ‘ஸ்பெயின் விசா எளிது’ என்று யாரோ சொன்னதை நம்பி, பிரான்சில் எட்டு நாள் தங்குகிறவர் ஸ்பெயினிடம் போய் நிற்கக் கூடாது.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் புதிய பதிவு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. முத்திரை குத்துவதற்குப் பதிலாக முதல் முறை நுழையும்போது விரல் ரேகையும் முகப் படமும் எடுக்கிறார்கள். இறங்கியவுடன் ஒரு மணி நேரத்தில் அடுத்த ரயில் என்று பயணச்சீட்டு வாங்கிவிடாதீர்கள்.

நாங்கள் வேலூர் வெயிலில் வளர்ந்தவர்கள். அங்குள்ள வெயில் எங்களை என்ன செய்துவிடும்? பள்ளி விடுமுறையைக் கருதி ஆகஸ்டில் போகலாமா?
(சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி)

வெயில் தங்களை ஒன்றும் செய்யாது. கத்திரி வெயிலில் கோட்டை அகழியோரம் நடந்து பழகியவர்களுக்கு மாலகாவின் 30, 31 பாகை கார்த்திகை மாதம் போலத் தோன்றும். உள்நாட்டிலிருக்கும் செவிலும் கோர்தோபாவும்தான் கோடையில் 40 பாகையைத் தாண்டும். கடலோரத்தில் எப்போதாவது நிலத்திலிருந்து அடிக்கும் ‘தெர்ரால்’ என்ற அனல்காற்று வந்தால் மட்டும் ஓரிரு நாள் அறைக்குள் இருக்க வேண்டியிருக்கும். ஆகஸ்டில் தங்களைத் துன்புறுத்தப்போவது வெயிலன்று, கூட்டம். ஸ்பெயின் நாடே அந்த மாதத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டு கடலோரத்துக்கு வந்துவிடுகிறது. அறை வாடகை ஏறிவிடும். மணலில் துண்டு விரிக்க இடம் இராது. மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் ஆகியவை நல்ல மாதங்கள். ஜனவரியிலும் மாலகாவில் பகல் 17 பாகை வரை இருக்கும்; ஆனால் இரவில் நம்மவர்களுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும்.

மெரினாவைப் போல அகன்ற மணலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மாலகாவில் மணல் சாம்பல் நிறம். கிரானடா மாவட்டத்துக் கரையில் பெரும்பாலும் கூழாங்கல். பொன்னிற மணல் வேண்டுமென்றால் மேற்கே காடிஸ் பக்கம் போக வேண்டும். ஆனால் அங்கே இருப்பது அட்லாண்டிக் கடல். தண்ணீரில் காலை வைத்தவுடன் வேலூர்க்காரர்கள் பின்வாங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களுள் நானும் ஒருவன். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது.

இன்னொன்று: ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான் சூரியன் மறையும். நாடு மேற்கே இருந்தாலும் கடிகாரத்தை ஜெர்மனியோடு சேர்த்து வைத்திருப்பதால் வந்த விநோதம் இது. குழந்தைகள் தூங்க மறுப்பார்கள்.

நாங்கள் குடும்பத்தோடு சுத்த சைவம். ரொட்டியும் பழமும் தின்றே காலம் தள்ள வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன கேட்டு வாங்கிச் சாப்பிடலாம்? பொடி வகைகளைக் கொண்டு போவதா?
(குடியாத்தத்திலிருந்து, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை)

பொடியைக் கொண்டு போங்கள். அது என்றும் கைவிடாது. ஆனால் அம்மா, அங்கே தங்களுக்குச் சாப்பாடு உண்டு. எதைத் தவிர்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும். அந்த நாட்டில் பன்றியின் தொடையை உப்பிட்டு உலர்த்தி, சீவிச் சீவித் தின்பார்கள். அதற்கு ‘ஹமோன்’ என்று பெயர். அவர்கள் அதை இறைச்சியாகவே எண்ணுவதில்லை. நாம் தாளிதத்தில் கறிவேப்பிலை போடுவது போல எதன் மேலும் கொஞ்சம் தூவிவிடுவார்கள். ‘நான் சைவம்’ என்று சொன்னால் மாட்டிறைச்சியை நீக்கிவிட்டு, ஹமோனைத் தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள். அதனால் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன், சின் அத்தூன்’. இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், ஹமோன் வேண்டாம், சூரை மீன் வேண்டாம். கடைசியாகச் சொன்னது காய்கறிச் சாலட்டுக்காக. அதன் நடுவில் சூரையை வைப்பது அவர்கள் வழக்கம்.

தக்காளியை வெள்ளரி, குடைமிளகாய், பூண்டு, ஆலிவ் எண்ணெயோடு அரைத்துக் குளிர வைத்த ‘கஸ்பாச்சோ’ முழுச் சைவம். வெயிலில் மோர் குடிப்பது போல அதைக் குடிக்கலாம். அதன் கெட்டியான உறவினரான ‘சல்மொரேஹோ’வின் மேல் முட்டையும் ஹமோனும் இருக்கும்; சொல்லி நீக்க வேண்டும். மாலகாவுக்கே உரிய ‘அஹோப்லாங்கோ’, பாதாமையும் பூண்டையும் ரொட்டியோடு அரைத்த வெள்ளைக் கூழ். மேலே திராட்சை மிதக்கும். கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சேர்ந்த கூட்டு ஒன்று செவில் பக்கத்திலிருந்து வந்தது. அதை ருசித்தவர்கள் நம் கீரைக்கடைசலை நினைத்துக்கொள்வார்கள். பயறு, அவரைக் குழம்புகளில் மட்டும் இறைச்சித் துண்டு மறைந்திருக்கும். கேட்காமல் கரண்டியைப் போடாதீர்கள்.

இவை எல்லாவற்றிலும் மேலாகத் தாங்கள் தேடிப் போக வேண்டியது கத்திரிக்காய். மாலகாவில் கத்திரிக்காயை விரல் நீளத்துக்கு மெல்லிய குச்சிகளாக அரிந்து, மாவில் புரட்டி, ஆலிவ் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, தட்டில் குவித்து, மேலே கரும்புப் பாகைக் கோலம் போடுவது போல இழைத்து ஊற்றுகிறார்கள். பாகு வெல்லத்தை விடக் கறுப்பு. லேசாகக் கசப்பும் உண்டு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயின் ருசி அறிந்த நாக்குக்கு முதல் வாய் திகைப்பாகத்தான் இருக்கும்; இனிப்பா காரமா என்று தீர்மானிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும். அந்தப் பாகு அங்கே எப்படி வந்தது என்பதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். கரும்பு நம் நாட்டிலிருந்து பாரசீகம் போய், அரபியர் கையில் ஏறி, ஏறக்குறைய பத்தாம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்தது. ‘சர்க்கரா’ என்ற வடசொல் அரபியில் ‘சுக்கர்’ ஆகி, ஸ்பானியத்தில் ‘அசூகர்’ ஆயிற்று; நாம் சர்க்கரை என்கிறோம். மோத்ரில், சலோப்ரேனா ஊர்களின் வயல்கள் எல்லாம் ஒரு காலத்தில் கரும்புதான். கடைசிச் சர்க்கரை ஆலை 2006-இல் மூடப்பட்டது. நெர்ஹாவுக்கு மேலே ஆறு கிலோமீட்டரில் உள்ள ஃப்ரிஹிலியானா என்ற வெள்ளை ஊரில் மட்டும் பாகு காய்ச்சும் ஆலை ஒன்று இன்றும் நடக்கிறது. அதன் பாகு சிறு புட்டிகளில் கிடைக்கும்.

நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். இடைப்பட்ட மாலையில் பல சமையலறைகளில் அடுப்பு அணைந்திருக்கும். முதல் பயணத்தில் மாலை ஆறரைக்குப் பசியோடு நெர்ஹாவில் இறங்கி, மூன்று கடைகளில் கைவிரிக்கப்பட்டு, கடைசியில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்ற அனுபவம் எனக்கு உண்டு. மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் ‘மெனு தெல் தியா’ என்று கேட்டால், இரண்டு வகை உணவும் ரொட்டியும் பழமும் சேர்த்து ஒரே விலையில், நம்மூர் அளவுச் சாப்பாடு போலத் தருவார்கள்.

மீன் சாப்பிடுகிற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. மாலகாவின் கிழக்கே பெத்ரெகலேஹோ, எல் பாலோ என்ற மீனவர் பேட்டைகளில் பழைய படகில் மணலை நிரப்பி, ஆலிவ் விறகை எரித்து, ஐந்தாறு மத்தி மீன்களை ஒரே கழியில் கோத்து நெருப்பைச் சுற்றி நட்டுவைக்கிறார்கள். புகை மீனின் மேல் படாதபடி காற்றின் திசை பார்த்துக் கழியை நடுவதில்தான் கைத்திறன். மே முதல் ஆகஸ்டு வரை மத்தியில் கொழுப்பு நிறைந்திருக்கும். மற்ற மாதங்களில் அதற்காக அலைய வேண்டாம்.

நாங்கள் தோல் தொழிலில் இருப்பவர்கள். அங்கே ஹலால் உணவும் ஜும்ஆ தொழுகைக்கு இடமும் கிடைக்குமா? தொழிலோடு தொடர்புடைய ஊர் ஏதாவது உண்டா?
(ஆம்பூர் வாசகர்)

இரண்டும் கிடைக்கும். கடலுக்கு அக்கரையில் மொராக்கோ இருப்பதால், மாலகா, அல்ஹெசிராஸ், அல்மெரியா ஆகிய நகரங்களில் மொராக்கோ நாட்டவர் நடத்தும் இறைச்சிக் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. பலகையில் ‘ஹலால்’ என்றே எழுதியிருக்கும். மார்பெய்யாவில் மன்னர் அப்துல் அஜீஸ் பெயரில் 1981-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் உண்டு. ஃபுவென்ஹிரோலாவிலும் பள்ளிவாசல் இருக்கிறது. கோர்தோபாவின் புகழ்பெற்ற பெரிய பள்ளிவாசலைப் பார்க்கப் போனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: எட்டாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய அது 1236 முதல் கிறிஸ்தவப் பேராலயமாக இருந்துவருகிறது, அங்கே தொழ அனுமதி இல்லை. தூண்களின் காட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தொழுதுகொள்ளலாம்.

தொழிலைப் பற்றிக் கேட்டீர்கள். கோர்தோபாவின் பெயரைத் தாங்கிய ‘கோர்தோபான்’ என்ற ஆட்டுத்தோல் இடைக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் விரும்பி வாங்கப்பட்டது. ஆங்கிலத்தில் காலணி செய்பவரைக் குறித்த ‘கார்ட்வெய்னர்’ என்ற பழைய சொல்லே அதிலிருந்து பிறந்தது. நம் பகுதியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தைத் தங்கள் தாத்தா சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சுமாக் என்ற செடியின் இலையைப் போட்டார்கள். இன்று தொழில் உயிரோடு இருப்பது காடிஸ் மாவட்டத்து மலையில் உள்ள உப்ரிகே என்ற சிற்றூரில். உலகின் விலையுயர்ந்த கைப்பைகள் பலவற்றை அங்கேதான் தைக்கிறார்கள். ஆனால் பையின் மேல் அந்த ஊரின் பெயர் இராது. ஆம்பூர்க்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பழைய மடம் ஒன்றில் தோல் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். கடலோரத்திலிருந்து பேருந்தில் போய்வருவது சிரமம். இதற்கு மட்டும் வாடகைக் கார் எடுக்கலாம்.

வாடகைக் கார் எடுக்க நம் ஓட்டுநர் உரிமம் போதுமா?
(வாலாஜாபேட்டை)

போதாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வாங்கி, இரண்டையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும். ஓட்டுபவருக்கு மட்டுமன்று, நடப்பவருக்கும் இது சிக்கல்தான்: சலோப்ரேனாவில் நான் பழக்க தோஷத்தால் சாலையின் தவறான பக்கத்தில் நாற்பது நிமிடம் காத்து நிற்க, நான் ஏற வேண்டிய மாலகா பேருந்து எதிர்ப்பக்கத்தில் வந்து, நின்று, போயே போய்விட்டது.

பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் நான். ஸ்பெயினில் பட்டு நெய்தார்களா? அல்மெரியா என்று ஓர் ஊரைப் பற்றி எங்கோ படித்தேன்.
(ஆரணியிலிருந்து ஒரு வாசகி)

சரியான ஊரைத்தான் படித்திருக்கிறீர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல் இத்ரீசி என்ற நிலவியல் அறிஞர் அல்மெரியாவைப் பற்றி எழுதும்போது, அங்கே பட்டு நெய்யும் தறிகள் எண்ணூறு இருந்ததாகக் குறித்திருக்கிறார். பின்னாலுள்ள அல்புஹார்ரா மலைச்சரிவுகளில் முசுக்கொட்டை வளர்த்துப் புழு வளர்த்தார்கள். துறைமுகத்திலிருந்து பட்டு கப்பல் ஏறியது. 1492 ஜனவரி 2 அன்று முஸ்லிம்கள் ஆண்ட கிரானடா கத்தோலிக்க அரசர்களிடம் வீழ்ந்தது. மதம் மாற்றப்பட்டு அங்கேயே தங்கிய முஸ்லிம்கள் 1568-இல் கிளர்ந்தெழுந்து தோற்றபோது, அவர்களை மலையிலிருந்து பெயர்த்து நாடெங்கும் சிதறடித்தார்கள். புழுவுக்கு இலை பறிக்கத் தெரிந்த கைகள் போனபின் பட்டுத் தொழில் நலிந்தது. கிரானடாவின் பழைய பட்டுச் சந்தை 1843-இல் தீக்கிரையாயிற்று. மறுபடி கட்டிய சிறு சந்தையில் இன்று விற்பவை சுற்றுலாப் பயணிகளுக்கான விளக்கும் தட்டும்தான். ஆகவே, சேலையை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையோடு போனால் ஏமாற்றம் மிஞ்சும். இடங்களைப் பார்ப்பதற்காகப் போங்கள்.

அல்மெரியாவில் 955-இல் கோர்தோபாவின் கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பத் தொடங்கிய அல்கசாபா கோட்டையின் மேல் நின்றால், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வறண்ட மலை. ஊருக்கு மேற்கே எல் எஹீதோ பக்கம் போனால் விநோதமான ஒரு காட்சி காத்திருக்கிறது: கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகள். ஏறக்குறைய 30,000 ஹெக்டேர் பசுமைக் குடில்களில் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், கத்திரி வளர்த்து வட ஐரோப்பாவுக்கு லாரி லாரியாக அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் மண் அது. பாலாற்று மணலைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நமக்கு அது வியப்பாக இருக்கும். நிலத்தடி நீர் வற்றிக்கொண்டு வருவதையும், வெயிலில் அந்தக் கூரைகளுக்குள் வேலை செய்யும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களின் குடிசைகளையும் பார்த்தால் வியப்பு பாதியாகக் குறைந்துவிடும். கிழக்கே காபோ தே காத்தா இயற்கைப் பூங்கா 1987 முதல் காக்கப்பட்டு வருவதால், அந்தக் கரையில் மட்டும் அடுக்குமாடிகள் எழவில்லை. கிரானடாவுக்கும் போவதானால் அல்ஹம்ப்ரா அரண்மனைச் சீட்டை ஊரிலிருந்தே பதிவு செய்யுங்கள். அதனுள் இருக்கும் நஸ்ரீ அரண்மனைகளுக்குள் நுழையும் நேரம் சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும், தவறினால் உள்ளே விட மாட்டார்கள், பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

அங்கிருந்து ஜிப்ரால்டரையும் மொராக்கோவையும் ஒரே நாளில் எட்டிப் பார்த்துவிட்டு வரலாமாமே?
(திருப்பத்தூர்)

பார்வைக்கு அருகில்தான் இருக்கின்றன. ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் இடையே உள்ள நீரிணையின் குறுகிய இடம் சுமார் 14 கிலோமீட்டர். ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்முனையான தாரிஃபாவிலிருந்து மொராக்கோவின் தான்ஹியருக்குப் படகில் ஒரு மணி நேரம். ஆனால் அந்தப் படகில் ஏறினால் தாங்கள் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறியவர். விசாவில் ஒரு முறை நுழையும் அனுமதி மட்டும் இருந்தால், மாலையில் திரும்பி ஸ்பெயினுக்குள் வர முடியாது. மொராக்கோவுக்கும் தனி அனுமதி வேண்டும். ஜிப்ரால்டர் 1713 முதல் பிரித்தானியருடையது. அதற்குள் நுழையும் விதி வேறு, அதுவும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. விண்ணப்பம் போடும் முன்பே அந்த அரசின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இயலாவிட்டால் எல்லைக்கு இப்பால் லா லீனியா ஊரின் கடற்கரையில் நின்றே அந்த 426 மீட்டர்ப் பாறையை முழுதாகப் பார்க்கலாம். கூட்டமும் இல்லை, செலவும் இல்லை.

வரலாறு படிக்கும் மாணவன் நான். இரண்டே நாள்தான் இருக்கிறது. மாலகாவா, காடிஸா?
(வேலூர்)

காடிஸ், தம்பி, யோசிக்கவே வேண்டாம். கடலுக்குள் நீண்ட ஒரு மணல் திட்டின் நுனியில் இருக்கும் ஊர் அது. ரயிலில் வரும்போதே இரு பக்கமும் தண்ணீர் தெரியும். மூவாயிரம் ஆண்டுக்கு முன் பினீசிய வணிகர்கள் அமைத்த நகரம் என்பது மரபு. அருங்காட்சியகத்தில் மனித உருவம் செதுக்கிய இரண்டு பளிங்குச் சவப்பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆண் உருவம் உள்ளது 1887-இல் கிடைத்தது. அதற்கு இணையாக ஒரு பெண் உருவமும் எங்கோ புதைந்திருக்க வேண்டும் என்று பெலாயோ கின்தேரோ என்ற தொல்லியலாளர் பல்லாண்டு தோண்டித் தேடிக் காணாமலே 1946-இல் இறந்தார். 1980-இல் கட்டடம் கட்டக் கடைக்கால் தோண்டியபோது அது கிடைத்தது. எங்கே என்றால், அவர் குடியிருந்த வீட்டு மனையின் அடியிலே. அந்தப் பெட்டியின் முன் கால் மணி நேரம் நில்லுங்கள்.

1717-இல் அமெரிக்காவோடு ஸ்பெயின் நடத்திய வணிகத்தின் தலைமை அலுவலகம் செவிலிலிருந்து இங்கே மாறியபின், ஒவ்வொரு வணிகரும் தம் கப்பல் வருகிறதா என்று பார்க்க வீட்டு மாடியில் காவல் கோபுரம் கட்டினார். அவற்றில் உயரமான தவீரா கோபுரத்தில் ஏறினால் மற்றவை அனைத்தும் தெரியும். 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் முனையருகே ஆங்கிலேயரிடம் தோற்ற பிரெஞ்சு–ஸ்பானியக் கப்பற்படை இந்தத் துறைமுகத்திலிருந்துதான் புறப்பட்டது. நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806 ஜூலை 10-க்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் முந்தியது அது. கடலில் தனக்கு நிகரில்லை என்று ஆங்கிலேயன் மார்தட்டிக்கொண்டிருந்த சமயம் என்பதை நினைத்துக்கொண்டு கடலைப் பாருங்கள். 1812-இல் ஸ்பெயினின் முதல் அரசியலமைப்புச் சட்டம் இங்கே, நெப்போலியன் படையின் முற்றுகைக்குள் இருந்தபடியே இயற்றப்பட்டது. மாலையில் இரண்டு கோட்டைகளுக்கு நடுவில் உள்ள லா கலேத்தா கடற்கரைக்குப் போய்விடுங்கள்; சூரியன் கடலுக்குள் இறங்குவதை நம் மாவட்டத்தில் பார்க்க முடியாது.

நம் செல்போன் சார்ஜரை அங்கே செருக முடியுமா? குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?
(அணைக்கட்டு)

மெல்லிய இரண்டு முனை உள்ள நம் சார்ஜர் பொருந்தும்; மூன்று முனை உள்ளது பொருந்தாது, அதற்கு இணைப்பான் வேண்டும். மின்னழுத்தம் நம்மூரைப் போன்றதே. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். சில கடலோர ஊர்களில் சற்று உப்புக் கரிக்கும் என்பதால் ஊர்க்காரர்களே புட்டி வாங்குகிறார்கள். எந்த ஆபத்துக்கும் தொலைபேசி எண் 112.

அடுத்த இதழில் செவில், கோர்தோபா. கேள்விகளை இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். எத்தனை நாள் போகிறீர்கள், எத்தனை பேர், படி ஏற முடியாதவர் உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.